அழும் கோமாளி என்னும் ஐதீகம்
ரோனி ஹான்கொக்கும் அவருடைய எழுத்தாளர் இருவரும்

நகையை இலேசான சுவையெனக் கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அவலத்துக்கு ஆழ்ந்த விளக்கம் எழுதும் திறனாய்வாளர் நகைக்கு எழுத முன்வருவதில்லை. நகைச்சுவைக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுத நேருமிடத்தும் அவருடைய கலையை விடுத்து, வாழ்க்கைத் துயரத்தையே எழுதுவர். பிறரைச் சிரிக்கவைத்தவர் தனிமையில் அழுதார் என்ற வாக்கியத்துடன் ஆய்வு முற்றுப்பெற்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய நகைச்சுவையாளருள் இவ்வாறு பெரிதும் எழுதப்பட்டவர் ரோனி ஹான்கொக் (1924–1968). மதுப்பழக்கம், முறிந்த இரு மணங்கள், 1968 ஜூன் மாதம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நாற்பத்துநான்காவது வயதில் தற்கொலை ஆகியனவே அவரைப் பற்றிய எழுத்துகளில் முதன்மை பெறுகின்றன. இக்கட்டுரையாளனும் முதலில் அவரை அவ்வாறு அறிந்தவனே. நிகழ்ச்சிகளின் பதிவுகளைக் கேட்டும் பார்த்தும் பழகிய பின்னரே, இந்த ஐதீகம் இருவரை மறைத்துவிடுகின்றது என்பது புலனாயிற்று. றே கோல்ற்றன், அலன் சிம்சன் என்னும் எழுத்தாளர்களே அவ்விருவர். இவர்களை விட்டு ஹான்கொக்கின் கலையையும் விளங்கிக்கொள்ள முடியாது, வீழ்ச்சியையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஹான்கொக் பர்மிங்ஹாமிற் பிறந்து, போர்ன்மவுத் என்னும் கடற்கரை நகரில் ஹோட்டல் நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் விமானப்படையிற் சேர்ந்து, படையினருக்கான கலைநிகழ்ச்சிகளிற் பயின்றவர். சிம்சனும் கோல்ற்றனும் லண்டன் நகரத்து எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கசநோய் கண்டு சறே மாவட்டத்து மில்ஃபோட் ஆரோக்கிய நிலையத்திற் கிடந்தபோது, 1948இல், இவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தனர். நீண்ட படுக்கை ஓய்வே அக்காலத்தில் அந்நோய்க்குரிய சிகிச்சையின் பெரும் பகுதி. நோயாளருக்கென அங்கு நடந்த உள்ளக ஒலிபரப்புக்கு எழுதியே இவ்விருவரும் தொழில் பழகினர். செய்வதற்கு எதுவுமின்றிப் பொழுதைக் கழிக்கும் மனிதனின் மனநிலையை இவர்கள் நூல்களிற் கற்கவில்லை. கட்டிலிற் கிடந்து கற்றனர். பின்னாளில் ஸ்பைக் மில்லிகன், எரிக் சைக்ஸ் ஆகியோருடன் இணைந்து, லண்டன் ஷெப்பேட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காய்கறிக் கடையின் மேல்மாடியில் நகைச்சுவை எழுத்தாளருக்கென ஒரு கூட்டு நிறுவனத்தையும் இவர்கள் அமைத்தனர். எழுத்தை உழைப்பாகவும், அவ்வுழைப்பைக் கூட்டாகவும் கருதியவர்கள் இவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

'ஹான்கொக்கின் அரைமணி நேரம்' 1954 நவம்பர் 2ஆம் திகதி பி.பி.சி. வானொலியில் தொடங்கியது. போர்க்காலத்திலிருந்து நீடித்த உணவுப் பங்கீடு பிரித்தானியாவில் முற்றாக நீங்கியது அதே ஆண்டு ஜூலையிலேயே. பஞ்சம் தீர்ந்தது, வர்க்க ஏணி தீரவில்லை. மேலே ஏறலாம் என்ற நம்பிக்கையும், ஏறத் தெரியாத தடுமாற்றமும் சேர்ந்து கீழ் மத்தியதர வர்க்கத்தை அலைக்கழித்த காலம் அது. அதுவரை வானொலி நகைச்சுவை துணுக்குகளாலும் இடையிடையே வரும் பாடல்களாலும் கோக்கப்பட்டதாயிருந்தது. இவ்வெழுத்தாளர்கள் அவற்றை அகற்றி, ஒரு மனிதனையும் ஒரு சூழ்நிலையையும் மட்டும் நிறுத்தி, அவற்றினின்றும் நகை பிறக்குமாறு செய்தனர். உருவத்தில் நிகழ்ந்த இம்மாற்றமே அவர்தம் முதற் சாதனை.

அம்மனிதன் லண்டனின் புறத்தே, ரயிற்பாதையோரத்து வீடொன்றில் வாழ்பவன். உரோமக் கழுத்துப்பட்டி வைத்த பழைய மேலங்கியும் கனவான்களுக்குரிய தொப்பியும் அணிந்து, தன்னைக் கலைஞனென்றும் சிந்தனையாளனென்றும் உலகம் இன்னும் கண்டுகொள்ளாத மேதையென்றும் எண்ணுபவன். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் மடன் என்பதும் ஒன்று. பிறர் கூறக் கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளும் இயல்பே மடன் என உரையாசிரியர் விளக்குவர். அறியாமையாகிய பேதைமையினின்றும் இது வேறானது. இந்த வேறுபாடு ஹான்கொக்கின் பாத்திரத்துக்கு மிகப் பொருந்துகின்றது. அவன் ஒன்றும் அறியாதவனல்லன். பத்திரிகையும் பள்ளியும் மேல்வர்க்கமும் சொல்லித்தந்த பெருமைகளையெல்லாம் நம்பிவிட்டவன்.

1961இல் ஒளிபரப்பான 'இரத்ததானம் செய்பவர்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நாட்டுக்கு நன்மை செய்யும் பெருமிதத்துடன் மருத்துவமனைக்கு வருகின்றவன், ஒரு துளி எடுத்துச் சோதித்தவுடனேயே கடமை முடிந்ததாக எழுகின்றான். எடுக்கவேண்டியது ஒரு பைந்து எனக் கேட்டதும் அதிர்கின்றான். தானம் செய்தவரை ஊர் அறியச் சட்டையில் அணிய ஏதேனும் அடையாளம் தரலாகாதோ என்ற ஏக்கமும் அவனுக்கு உண்டு. இறுதியில் ரொட்டி வெட்டும் கத்தியாற் கையை வெட்டிக்கொண்டு அதே மருத்துவமனைக்கு வந்து, தான் கொடுத்த அரிய வகை இரத்தத்தையே திரும்பப் பெறுகின்றான். பொதுநலம் பேசும் தன்னலத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டல் அரிது. ஆயினும் நாம் அவனை வெறுப்பதில்லை; அவனிடத்து நம்மைக் கண்டு நகுகின்றோம்.

1958 ஏப்பிரிலில் ஒலிபரப்பான ஞாயிறு மாலை பற்றிய வானொலி நிகழ்ச்சி இன்னுமொரு படி மேற்சென்றது. வெளியே மழை, வீட்டினுள்ளே சிலர், செய்வதற்கு ஒன்றுமில்லை. பெருமூச்சும் மௌனமும் கொட்டாவியுமே அதன் உரையாடலாகின்றன. மௌனத்தைக் கண்டால் அஞ்சும் ஊடகமாகிய வானொலியில் இது துணிவான செயல். பெக்கெற்றின் 'கொடோவை எதிர்பார்த்து' 1955இல் லண்டனில் மேடையேறியது. பின்ரரின் 'பிறந்தநாள் விருந்து' 1958இல் அரங்கு கண்டது. அந்நாடகங்களை ஆராயும் நாம், அதே காலத்து மௌனத்தைப் பெருந்தொகையான சாதாரண மக்களிடம் கொண்டுசென்ற இந்நிகழ்ச்சியை ஆய்வுக்குரியதாகக் கருதாதிருப்பது முறையன்று. இங்கே நடிகரின் பங்கையும் குறைத்து மதிப்பிடலாகாது. மௌனத்தை எழுத்தாளர் எழுதலாம். அதை நகையாக்கியது ஹான்கொக்கின் கால உணர்வேயாகும். அவருடைய குரலைச் செவியிற் கொண்டே அவர்கள் எழுதினர். அவர்கள் எழுதியதாலேயே அக்குரல் ஓர் உலகமாயிற்று.

இக்கூட்டுறவை ஹான்கொக்கே படிப்படியாகக் கலைத்தார். வானொலியில் உடன் நடித்த கெனத் வில்லியம்ஸ் முதலியோருக்கு இடம் குறைந்தது. 1960இன் பின் சிட் ஜேம்ஸும் நீக்கப்பட்டார். 1961இல் ஒரு திரைப்படத்துக்கான பிரதிகள் பற்றிய கருத்து வேறுபாட்டையடுத்து, கோல்ற்றனும் சிம்சனும் விலக்கப்பட்டனர். தாம் தனித்து நின்றாலே உலகக் கலைஞராகலாம் என அவர் நம்பினார். அவருடைய பாத்திரத்தின் நம்பிக்கையும் இதுவே என்பதுதான் இதன் முரண்நகை. 1961இல் அவர்கள் அவருக்கு எழுதிய 'தனியறை' என்னும் நிகழ்ச்சியில் அப்பாத்திரம் முற்றுமுழுதாகத் தனித்தே இருக்கின்றான். அகராதியைத் துணைக்கொண்டு பேட்றண்ட் றஸலைப் படிக்க முயன்று தோற்கின்றான். தவறுதலாக வந்த தொலைபேசி அழைப்பொன்றினாற் கிடைத்த விருந்தழைப்பும் கைநழுவ, ஒழுக்கக்கேட்டினின்றும் தப்பியதாகத் தன்னைத் தேற்றிக்கொள்கின்றான். எழுத்தாளர் கண்டு நகைத்த மடனை நடிகர் வாழ்க்கையில் மெய்யெனக் கொண்டுவிட்டார்.

பிரிவின் பின் நிகழ்ந்தவை இதனை வலியுறுத்துகின்றன. 1963இல் ஹான்கொக் பிறர் எழுத்தில், வணிகத் தொலைக்காட்சியில் நடித்த தொடர் பழைய தரத்தை எட்டவில்லை. கோல்ற்றனும் சிம்சனுமோ 1962இல் 'ஸ்ரெப்ரோவும் மகனும்' தொடரைப் படைத்தனர். இம்முறை நகைச்சுவை நடிகரை நாடாது, ஹரி கோர்பெற், வில்பிரட் பிறம்பெல் என்னும் நாடக நடிகரை நாடினர். பழைய பொருள் சேகரித்து விற்கும் தந்தையும் மகனுமே பாத்திரங்கள். மகன் ஹரல்டும் உயர்வைக் கனவு காண்பவனே. ஆயின் அவனைத் தடுப்பது எதுவென்பது இங்கு வெளிப்படையாகின்றது. முதல் நாடகத்தில் வீட்டைவிட்டு வெளியேற எண்ணித் தன் உடைமைகளை வண்டியில் ஏற்றுகின்றான். குதிரையைத் தந்தை கொடுக்கவில்லை. தானே இழுக்க முயல்கின்றான், வண்டி அசையவில்லை, அழுகின்றான். ஹான்கொக்கின் பாத்திரத்தைத் தடுத்தது அவனது மடன் என்றே எண்ணி நாம் சிரித்தோம். ஹரல்டைத் தடுப்பது வறுமையும் குடும்பப் பிணைப்பும் வர்க்கமுமாகும். நகை இங்கே யதார்த்தத்தின் எல்லைக்கே சென்றுவிடுகின்றது. 1964 பொதுத்தேர்தல் நாளன்று இத்தொடரைப் பார்க்கத் தொழிலாளர் வீட்டில் தங்கிவிடுவர் என அஞ்சி, அதன் நேரத்தை மாற்றுமாறு ஹரல்ட் வில்சன் பி.பி.சி.யிடம் கேட்டுக்கொண்டமை, அது எந்த மக்களைச் சென்றடைந்தது என்பதற்குச் சான்றாகும்.

எழுத்தாளரைப் பிரிந்தமையே ஹான்கொக்கின் மரணத்துக்குக் காரணமென்று கூறின், ஓர் ஐதீகத்தை நீக்கி இன்னொன்றை நாட்டியவராவோம். மது பிரிவுக்கு முன்னரே அவரைப் பற்றியிருந்தது. மனிதனின் துயரம் ஒரே காரணத்தில் அடங்குவதுமன்று. நாம் கூறுவது கலை பற்றியது. துயரம் ஒருவரை நகைச்சுவைக் கலைஞராக்குவதில்லை. ஆக்குமாயின், அவருடைய துயரம் மிகுந்திருந்த இறுதி ஆண்டுகளே மிகச் சிறந்த படைப்புகளைத் தந்திருக்கவேண்டும், நிகழ்ந்ததோ மறுதலை. அவரது கலை செழித்த 1954 முதல் 1961 வரையான காலம், இருவர் எழுத, பலர் உடன் நடிக்க, அவர் குரல் கொடுத்த கூட்டுழைப்பின் காலமாகும்.

சிம்சன் 2017இலும் கோல்ற்றன் 2018இலும், தத்தம் எண்பதுகளின் பிற்பகுதியில் மறைந்தனர். அவர்களுடைய முதுமை எவருக்கும் ஐதீகமாகவில்லை. உழைத்து எழுதி முதிர்ந்து இறப்பவனை உலகம் கதையாக்குவதில்லை. திறனாய்வாளனும் அவ்வாறு கடந்துசென்றுவிடலாகாது. சிரிப்பின் பின்னே கண்ணீரைத் தேடுமுன், அதன் பின்னேயுள்ள உழைப்பைத் தேடுவதே அவன் கடன்.