அழ வேண்டியது ஜனம்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தலைவர் கேட்டதும், நம் பேராக் மேடைக்கு வந்து சேர்ந்த நாடக வழிகளை வரிசைப்படுத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வள்ளி திருமணத்தின் கதையையும் பவளக்கொடியின் கதையையும் இங்கே சொன்னால் உறுப்பினர்கள் சிரிப்பார்கள்.

முதல் வழி, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை கண்ட சங்கரதாஸ் சுவாமிகளுடையது. பாட்டும் தர்க்கமும் அதன் உயிர். இரண்டாவது, 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாருடையது. மனோகராவும் ஹாம்லெட்டின் தழுவலான அமலாதித்யனும் அந்த வழியில் வந்தவை. மூன்றாவது, ஜே.ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் முதலான நாவல்களை மேடையேற்றிய எம். கந்தசாமி முதலியாருடையது. காதலர் பிரிவு, பொய்ப்பழி, கடைசியில் விடுதலை என்று போகும் இவ்வகைக் கதைகள், லண்டன் லைசியம் அரங்கில் 1910-களில் மெல்வில் சகோதரர்கள் நடத்திய கண்ணீர் நாடகங்களுக்குப் பங்காளி முறை. 1952-இல் பராசக்தி படம் வந்தபின் நம் தோட்டங்களில் முழங்கிய அடுக்குமொழி வசனத்தைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. மூத்தோர் பொறுத்தருள்க.

என் வாத்தியார் சுவாமிகள் வழி. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, சாயங்காலம் லயத்து வாசலில் ஆர்மோனியத்தைத் திறப்பவர். 1948-இல் அவசரகாலம் வந்து சுங்கை சிப்புட் வட்டாரம் இருட்டிய உடனே அடங்கிப்போன நாள்களிலும், துருத்தியை மெல்ல அழுத்திப் பாடம் சொன்னதாகச் சொல்வார். கண்ணகி வேடக்காரர் புலம்பலில் நிஜமாகவே விம்மிவிட்டால் பாட்டை நிறுத்திவிடுவார். “தொண்டை அடைச்சா சுருதி போயிடும்டா. அழ வேண்டியது ஜனம், நீ இல்லே” என்பார். மறுபடி பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். சுருதி கலையாமல் சோகத்தைத் தாங்குவதுதான் எங்கள் வழியின் அளவுகோல்.

இன்று மேடையேறுவோரில் திறமைசாலிகள் உண்டு. யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனால் வசனத்தையும் பாட்டையும் முன்கூட்டியே பதிவு செய்து, மேடையில் உதட்டை மட்டும் அசைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. விடிய விடிய நடந்த வள்ளி–முருகன் தர்க்கம் கால் மணி நேரத்தில் முடிகிறது. பதிவில் தர்க்கம் எப்படி நடக்கும்? எதிராளி என்ன கேட்பான் என்பது இருவருக்கும் முன்பே தெரியுமே! பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்காது, மிருதங்கக்காரருக்கு வேலை கிடையாது, பபூனுக்குச் சமயோசிதம் தேவையில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தால் சோகம் முடிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, ஜனம் புந்தோங்குக்கும் வெளியூருக்கும் பெயர்ந்தது. அத்தனையையும் தாங்கிய கலை, உள்ளங்கை அகல ஒலிப்பதிவுக் கருவியிடம் தோற்றது என்றால் யாரிடம் சொல்லி அழுவது? பாட்டை இரவல் வாங்கிய இனம் நாளை பேச்சையும் இரவல் வாங்கும். மிகையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

செயலவைக்கு ஒரே விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் பவளக்கொடியைப் பதிவு இல்லாமல் நேரடியாகப் பாடி நடத்துங்கள். பாடம் சொல்லித்தர நான் தயார். பிள்ளைகளை அனுப்புங்கள்.