பெயர் தெரியாத மலைகள்

புதுக்கவிதையில் மலை நிறைய வருகிறது. மௌனமாக நிற்கிறது, தனிமையைச் சுமக்கிறது, காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த மலை என்று கேட்டால் பதில் இல்லை. எம். பி. எமனோ தொகுத்து 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தோடர் பாடல்களைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முப்பதுகளில் நீலகிரியில் அவர் கேட்டு எழுதியவை இவை. தோடர் பாட்டில் ஒரு வாக்கியம் தனித்து நிற்காது. அதே அமைப்பில் ஜோடியாக இன்னொன்று வந்தாக வேண்டும். ஒரு குன்றின் பெயர் வந்தால் அதன் ஜோடிக் குன்றும் வரும். மந்துகளுக்கும் எருமைகளுக்கும் அப்படியே. பாட்டுக் கட்டுவது ஒரு சிலரின் தொழிலும் அல்ல. வர்ணனை என்று நாம் கொண்டாடும் சமாசாரம் இங்கே அபூர்வமாகவே எனக்குப் பட்டது. பெயர்தான் படிமம்.

எமனோவின் மொழிபெயர்ப்பு மொழியியல்காரருடையது. குறிப்புகளோடு சேர்த்துப் படித்தால்தான் பாட்டு திறக்கிறது. இதைக் குறையென்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய எருமை, எந்தச் சரிவு என்று அறிந்தவனுக்குக் குறிப்பு எதற்கு? வெளியாட்கள் நாம்தான்.

முக்குர்த்தி 2,554 மீட்டர் என்பது நில அளவைக் கணக்கு. தோடருக்கு அது இறந்தவர் மேற்கே போகும் வழியில் இருக்கிறது. நீலகிரியின் பரந்த புல்வெளிகளில் பிற்பாடு சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். மின்சாரத்துக்காகப் பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கினார்கள். மேய்ச்சல் போன பிறகு பாட்டில் பெயர் மட்டும் மிஞ்சினால் அது வெறும் சொல்தானா? சாட்சி என்பது என் கட்சி. 'பச்சைச் சரிவு' என்று பாடியிருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. சீகைக் காடும் பச்சைதான்.

நான் இருப்பது புதுவாயலில். மழை கழுவிய காலையில் தூரத்தில் ஒரு மலைக்கோடு தெரியும். அதை 'நீல மௌனம்' என்று எழுதி அச்சிலும் பார்த்தவன் நான். அதன் பெயரை யாரிடமும் விசாரித்ததில்லை. அது கிடக்கட்டும். வீட்டைச் சுற்றியிருந்த கழனிகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அங்கே இன்று ஷெட்டுகள், மனை எண்கள். பெயர்கள் தெரிந்த கிழவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் டீக்கடைக்கு வருகிறார்கள். நான் நோட்டோடு போக வேண்டிய இடம் அதுதான்.