நம்பாத பாடம்

பிளஸ் ஒன் அட்மிஷன் சமயத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி, ‘என்ன குரூப்?’ பயோ-மேத்ஸ் என்றால் ஸ்வீட் கொடுப்பார்கள். காமர்ஸ் என்றால், ‘பரவாயில்ல, சி.ஏ. பண்ணலாம்’ என்று ஆறுதல் சொல்வார்கள். நானும் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டவன்தான். ஆனால், ‘சின்னக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஒரு பாடம் எடுத்திருக்கேன்’ என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். ‘ஆயா வேலைக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷப் படிப்பு?’ என்று கேட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு பாடம் நிஜமாகவே இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யின் பிளஸ் ஒன், பிளஸ் டூ திறன் பாடங்களில் அதற்கு எண் 842. சில்லறை வணிகம், அழகுக்கலை, டைப்போகிராபி ஆகியவை இருக்கிற அதே வரிசை.

விஷயம் ஒன்றும் சாதாரணமானதல்ல. ஒன்பது பத்து மாதக் குழந்தை ஸ்பூனைக் கீழே போடுகிறது. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறது. ‘கொழுப்பைப் பாரு’ என்கிறோம். அது கொழுப்பு இல்லை சார், ஆராய்ச்சி! போட்டால் விழுமா, சத்தம் வருமா, அம்மா எடுத்துத் தருவாளா என்று மூன்று கேள்விக்கு ஒரே ஸ்பூனில் விடை தேடுகிறது. இது தெரிந்தவருக்கு அந்தக் குழந்தையை அடிக்கக் கை வராது. பிளஸ் டூவில் படிக்கிற எத்தனை விஷயம் இப்படி மறுநாளே வீட்டில் உதவும்?

கோளாறு வேறு இடத்தில். பாடத்தை வைத்திருக்கிற யாருமே அதை நம்புவதில்லை.

முதலில் பள்ளிக்கூடம். மாடியில் பிளஸ் டூ, கீழே எல்.கே.ஜி. என்று ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விளையாடித்தான் கற்கும், விரல்கள் பழகாமல் பென்சிலைத் திணிக்காதே என்று மாடியில் பாடம். கீழே மூன்றரை வயசுப் பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு ஹோம்வொர்க் வேறு. மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டுதான் அடிப்படை என்று தேசியப் பாடத்திட்டச் சட்டகம் 2022-லேயே சொல்லிவிட்டது. மாடிப் பெண்ணைக் கீழே அனுப்பி, ‘நீ படிச்சதுல எது இங்கே நடக்குது, எது நடக்கலைன்னு எழுதிட்டு வா’ என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்குத் தைரியம் வரும்? அதுதான் உண்மையான செய்முறைத் தேர்வு. நமக்குத் தெரிந்த செய்முறையோ சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கடைசி நாள் கையெழுத்து.

இரண்டாவது, பெற்றோர். பெண்ணுக்கே யோசிப்பவர்கள் பையனுக்கு இந்தப் பாடத்தை எடுத்துக் கொடுப்பார்களா? நாளைக்கு அவனும்தானே அப்பா ஆகப் போகிறான். பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும் என்கிறோம். குழந்தை வளர்க்க மட்டும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம்.

மூன்றாவது, அரசாங்கம். மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. அந்த ஆறு வயதுக்குள் இருக்கிற ஏழைக் குழந்தைகளை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்? 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்த திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளரிடம். அவருக்கான மத்திய அரசின் தொகை 2018 அக்டோபரில் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. இதற்கு வைத்த பேர் சம்பளமல்ல, மதிப்பூதியம். மதிப்பும் இல்லாமல் ஊதியமும் இல்லாமல் இப்படி ஒரு சொல்லை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ! இவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சொல்ல 2022-ல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

‘பிளஸ் டூ படித்த பெண்ணால் பெரிசா என்ன ஆகிடும்?’ என்பவர்களுக்கு ஜமைக்காவைக் காட்டலாம். 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். டாக்டர்களல்ல, முனைவர்களுமல்ல. வீட்டில் கிடைக்கிற பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்களுக்குக் காட்டினார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், இந்தப் பயிற்சி கிடைக்காத வீட்டுக் குழந்தைகளைவிடச் சுமார் 25 சதவிகிதம் அதிகம். முடிவுகள் 2014-ல் வெளியாயின. காமர்ஸ்காரன் பார்வையில் சொன்னால், இதைச் செலவுக் கணக்கில் எழுதுவதே தப்பு. இது முதலீடு.

ஆகவே, இது தொழிற்பாடமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முறையாகப் பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய தொழில்தான் இது. ஆனால் தொழில் என்று பெயர் வைத்தால் தொழிலுக்குரிய மூன்றும் வேண்டும். ஒன்று, பட்டறை: பக்கத்து அங்கன்வாடியில் இரண்டு வருஷமும் அதே குழந்தைகளோடு பழகுகிற பயிற்சி. இரண்டு, வேலை: இதைப் படித்தவருக்கு நியமனத்தில் முன்னுரிமை. மூன்று, கூலி: மதிப்பூதியம் என்ற மழுப்பல் இல்லாத சம்பளம்.

842 எடுத்த பெண்ணைப் பார்த்து, ‘இதைப் படிச்சா என்னம்மா கிடைக்கும்?’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லக் கூடாது. நாம்தான் சொல்லவேண்டும்.