நடந்தவள் பெயர் எங்கே?

ஆங்கிலத்தில் 'டிராவலரெஸ்' என்றொரு பழஞ்சொல் உண்டு. பயணம் செய்யும் பெண் என்பது அதன் பொருள். இன்று அது வழக்கிழந்து அகராதியில் உறங்குகிறது. பயணி என்றால் ஆண். பெண் புறப்பட்டால் விகுதி ஒன்றை ஒட்டித் தனியே நிறுத்து! இதுதான் அச்சொல்லைப் பெற்றெடுத்த மனப்பான்மை. இலண்டன் அரச புவியியல் கழகம் 1892-93இல் 22 பெண்களை உறுப்பினராக்கியது. உடனே கதவைச் சாத்தியது. அக்கதவு மீண்டும் திறக்க 1913 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மலையையும் பாலையையும் கடந்த மாதருக்கு மன்றத்தின் வாயிற்படியே பெருந்தடை!

ஆங்கிலேயரை எள்ளி நகையாடுவது எளிது. நம் வீட்டுக் கணக்கு என்ன?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூருக்கு வாருங்கள். பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு நடந்தார் கபிலர். விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார், இருவரும் மணக்க மறுத்தனர். புறநானூறு 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் இதற்குச் சான்று. நட்பின் இலக்கணம் என்று மேடைதோறும் இதைப் போற்றுகிறோம். போற்றுவோம், தவறில்லை. ஆனால், உடன் நடந்த பெண்கள் என்ன நினைத்தனர் என்று கேட்டோமா? தந்தையையும் குன்றையும் இழந்த துயரை 112ஆம் பாட்டாக வடித்த புலவர்கள் அவர்கள். எனினும் நூல் அவர்களைப் 'பாரி மகளிர்' என்றே குறிக்கிறது. பறம்பின் மகளை மலையனுக்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்ததைக் கூறும் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டும் அவள் பெயரைக் கூறவில்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்காலக் கதை தந்த பெயர்கள். நடந்த கால்கள் அவர்களுடையவை. போகுமிடத்தை முடிவு செய்ததோ பிறர்!

பெண் நடப்பதையே அக்காலம் வெறுத்ததா? இல்லை! அதே கபிலர் 105ஆம் பாட்டில் விறலியை நோக்கிப் பாரியிடம் செல்லுமாறு வழி கூறுகிறார். ஆடிப் பாடி ஊர்தோறும் சென்ற விறலிக்குத் தொழிலும் பெயரும் இருந்தன. வேளின் மகளோ, கொடுக்கப்படும் பொருளாகவே வழி நடந்தாள். செல்வம் ஏறிய வீட்டில் பெண்ணின் கால்களுக்குப் பூட்டும் ஏறியது என்பதே இதன் பாடம்.

ஔவையைப் பாருங்கள்! அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். அரசவையில் அச்சமின்றிப் பேசிய அப்பெண்ணைப் பிற்காலப் புராணிகர் என்ன செய்தனர்? பிள்ளையாரை வேண்டிக் கிழவியானாள் என்று கதை கட்டினர். இளம்பெண் தனியே ஊர் சுற்றுவதை ஏற்க மனமில்லை. ஆகவே கடவுளைக் கொண்டு தலையை நரைக்க வைத்தனர்!

மேற்கே கல்வராயன் மலை. அது போன்ற மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுக்கதை, காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தாரைப் பற்றிப் பேசுகிறது. 1909இல் தர்ஸ்டன் பதிந்த வடிவில், அவர்களுக்குப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று பெயருண்டு. அவர்கள் மணந்த பெண்களுக்கோ குலப்பெயர் மட்டுமே! அரண்மனையாயினும் மலைக்குடியாயினும் கணக்கு ஒன்றுதான்.

தோழர்களே! பழைய நூலைக் கொளுத்தச் சொல்லவில்லை. விழி திறந்து படிக்கச் சொல்கிறோம். ஒரு கதையில் பெண் நடந்தால், 'தானே புறப்பட்டாளா, கொண்டுபோகப்பட்டாளா?' என்று கேளுங்கள். அதுவே திறனாய்வின் முதற்கேள்வி. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க இறங்கும் மாணவியிடம், 'துணைக்கு யார் வந்தார்?' என்று ஊர் கேட்கிறது. 'என்ன கண்டாய், என்ன கற்றாய்?' என்று கேட்கும் நாளே, பயணி என்ற சொல் இருபாலார்க்கும் உரியதாகும் நாள்!