செவியே கருவியாக

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில், பழைய அம்பாஸிடரின் பானெட்டைத் திறந்து வைத்து, நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் எஞ்சின்மீது ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோரத்து எலும்பில் பதித்து, கண்மூடி நிற்கும் முதிய மெக்கானிக்கைக் காணும்போதெல்லாம், நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் நிதானமே என் நினைவுக்கு வருகிறது. மூட்டை இறக்கும் லாரிகளின் ஆரவாரம் அவருடைய ஏகாக்கிரத்தைச் சிறிதும் கலைப்பதில்லை.

தையல் இயந்திரம் ஓடுவதுபோல் மேலே ‘டிக் டிக்’ என்று கேட்பது டாப்பெட்டின் இடைவெளி அகன்றதன் லக்ஷணம் என்றும், அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்து எழுவது தேய்ந்த பேரிங்கின் முறையீடு என்றும் அவர் பிரித்தறிகிறார். சந்தேகம் எஞ்சினால், பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார். எந்த சிலிண்டரின் நெருப்பு அணைந்ததும் அந்தக் கனத்த தட்டல் மெலிகிறதோ, பிணி அங்கேதான். டாப்பெட் என்றாலோ, இலைபோல் மெல்லிய ஃபீலர் கேஜை இடையே செருகி, அது இறுகாமலும் தளராமலும் சற்றே உரசி வரும் பதத்தில் லாக் நட்டை முடுக்கிவிட்டு, மீண்டும் செவி சாய்க்கிறார். எதையும் அவசரப்பட்டுப் பிரித்துப் போடாமல், இயந்திரம் தன் குறையைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் இந்தப் பொறுமையே அவருடைய வித்தையின் சாரம். தட்டல் அடங்கி, சீரான ஸ்ருதியில் எஞ்சின் முனகும் அந்தக் கணத்தில், கிரீஸ் படிந்த அவர் முகத்தில் மலரும் திருப்தியைப் பார்ப்பதே எனக்கு ஓர் ஆனந்தம்.