சமத்துக்கு வராத தாளம்

ஒலிவியே மெஸ்ஸியானின் இசையை "புரியாத சங்கீதம்" என்று யாராவது ஒதுக்கினால் எனக்குப் பொறுக்காது. வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் வில்லியனூர்க்காரனுக்குப் புரியாமல் போக நியாயமே இல்லை. அந்தப் பிரெஞ்சு மேதை வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுதது மாதா கோயிலையும் தாளக் கணக்கையும் பறவைகளையும்தான். எங்கள் ஊரில் திருக்காமீஸ்வரர் தேருக்கு முன்னால் தவில் முழங்கும். குளத்தோடு லூர்து மாதா ஆலயம் நிற்கும். சைக்கிளை மிதித்தால் ஊசுட்டேரிப் பறவைகள். இந்தக் காதுகளுக்காகவே எழுதிய இசை அது என்று சத்தியம் செய்வேன்.

1908இல் அவிஞ்ஞோனில் பிறந்தவர். 1931 முதல் 1992இல் இறக்கும்வரை பாரிஸ் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். பூலேஸ், ஸ்டாக்ஹவுசன், செனாகிஸ் ஆகிய இசையமைப்பாளர்கள் எல்லோரும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லும். நான் சொல்ல வந்தது, அவர் கையில் நம் தாளங்கள் என்ன ஆயின என்பதை.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. அதை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் பார்த்த மெஸ்ஸியான் விடவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி கோர்லிட்ஸ் முகாமில் கிடந்தபோது, 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யை எழுதி முடித்தார். 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், கைதிகள் நடுவே அரங்கேற்றம். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ, பியானோவில் அவரே.

முதல் பகுதியில் கிளாரினெட்டும் வயலினும் விடியற்காலைப் பறவைகளாகப் பாட, பியானோ தன் போக்கில் நடக்கும். அதன் நடையைக் கேளுங்கள்: ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் ஆகிய மூன்று தாளங்களைக் கோத்து 17 கால அளவுகள். அதன் மேல் 29 ஸ்வரக் கொத்துகள் திரும்பத் திரும்பச் சுற்றும். இரண்டுமே பகா எண்கள். ஆக 493 கொத்து கழிந்தால்தான் இரண்டும் தொடங்கிய இடத்தில் மறுபடி சந்திக்கும். அதற்கு வெகு முன்பே இசை நின்றுவிடுகிறது! தனி ஆவர்த்தனத்தில் தாளம் தொடங்கிய இடமான சமத்துக்காகக் கை காத்திருக்குமே, அந்தக் காத்திருப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். முடிவே இல்லாத காலத்தை இரண்டரை நிமிஷத்துக்குள் காட்ட வேறு என்ன வழி இருக்கிறது? முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆறாம் பகுதியை, பாகூரில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். மூலநாதர் கோயில் அடித்தளத்தில் ஆடும் கல் உருவங்களைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். நான்கு கருவியும் ஒரே மெட்டில் கிடுகிடுவென ஓடும் பகுதி அது. கொஞ்ச நேரம் தொடையில் தட்டிப் பார்த்தவர், "தம்பி, கூட அரை வெச்சுட்டுப் போறான்யா, கவனிச்சியா?" என்றார். அவர் பிடித்தது மெஸ்ஸியானின் உயிர்நாடியை! சீரான நடையில் ஒரு சிறு அளவைச் செருகி அதைத் துள்ள வைப்பதுதான் மெஸ்ஸியானின் வேலை. அதே பகுதியில் 3, 5, 8, 5, 3 என்று ஒரு அடுக்கு வரும். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றே. "ஏறி எறங்குது, மிருதங்க யதியாட்டம்" என்று அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

பறவைகளைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். காடு மேடெல்லாம் நோட்டோடு அலைந்து, பறவைகள் பாடப் பாட சுரப்படுத்தியவர் மெஸ்ஸியான். 1956இல் அரங்கேறிய 'அயல்நாட்டுப் பறவைகள்' இந்தியாவின் மலை மைனாவோடு தொடங்குகிறது. சோலைப்பாடியும் அதில் உண்டு. நம் வேலியில் விடிகாலை விசிலடிக்கும் குண்டுக்கரிச்சானின் நெருங்கிய சொந்தம். ஊசுட்டேரிக் கரையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே சமயத்தில் கத்தித் தீர்ப்பதைக் கேட்டவர்களுக்கு, இந்த இசையின் கூச்சலுக்குள் எத்தனை குரல் தனித்தனியாக நிற்கிறது என்பது உடனே பிடிபடும்.

1949இல் பாஸ்டனில் பெர்ன்ஸ்டைன் நடத்தி அரங்கேற்றிய மெஸ்ஸியானின் 'துராங்கலீலா' சிம்பனி பத்துப் பகுதி, சுமார் 80 நிமிஷம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்க வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் நால்வர் இசையின் ஆறாம் பகுதியிலேயே தொடங்குங்கள், தொடையில் தாளம் போட்டபடி. தப்பும். மறுபடி போடுங்கள். கை களைத்த பிறகு ஐந்தாம் பகுதிக்கு வாருங்கள்: செல்லோ ஒன்று, பின்னால் பியானோ, மூச்சு எங்கே விடுகிறார்கள் என்றே தெரியாது.