ஆண்பெயரும் பெண்வினையும்: ஆணாக வாழ்ந்த பெண்ணைத் தமிழில் எடுத்துரைத்தல்

ஆணுடை அணிந்து, ஆண்பெயர் பூண்டு, தம்மைச் சூழ்ந்தோர் அறியாவண்ணம் ஆணாகவே வாழ்ந்த பெண்களின் வரலாறுகள் பல மொழிகளில் உள்ளன. அவற்றைத் தமிழில் தர முற்படுவோர் முதல் வாக்கியத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். சிப்பாய் ஒருவரின் வருகையைக் கூறும் ஆங்கில வாக்கியத்தில் பெயரோ வினையோ பால் காட்டுவதில்லை. பதிலிடுபெயர் வரும்போதுதான் ஆங்கில ஆசிரியர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். பெயரையே மீண்டும் மீண்டும் எழுதி அதனையும் அவர் தள்ளிப்போடலாம். தமிழில் எழுவாயை மறைக்கலாம். வினைமுற்றை மறைக்க இயலாது. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தவுடன் எடுத்துரைப்பவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறார், அல்லது பொய் கூறுகிறார்.

இங்கு ஒரு நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. 'நான் வந்தேன்' என்பதை ஆணும் கூறலாம், பெண்ணும் கூறலாம். முன்னிலையும் அவ்வாறே. ஆகவே மாற்றுருவில் வாழும் பெண் தன்னைப் பற்றி நாள் முழுவதும் தமிழில் பேசினாலும், வினைமுற்றளவில் ஒரு பொய்யும் கூற வேண்டியதில்லை. இந்தியில் நிலை வேறு. 'போகிறேன்' என்று கூற விரும்பும் பெண் 'ஜாதீ ஹூன்' என்றும், ஆண் 'ஜாதா ஹூன்' என்றும் கூற வேண்டும். எனவே இந்தி பேசும் மாற்றுருவினள் வாய் திறக்கும்போதெல்லாம் தன்னை மறுக்கிறாள். தமிழில் அச்சுமை பேசுபவளை விட்டு நீங்கி, அவளைப் பற்றிப் பேசுவோர் மீது ஏறுகிறது. மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறு பேசுவோருள் ஒருவரே.

இதனை ஆராய்வதற்குத் தமிழ் மண்ணோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஊஸ்டர் நகரில் 1723இல் பிறந்த ஹன்னா ஸ்னெல், டச்சு மாலுமியான கணவனால் கைவிடப்பட்டு, பிறந்த குழந்தையையும் இழந்த பின், தமக்கை கணவரின் உடையையும் ஜேம்ஸ் கிரே என்னும் அவர் பெயரையும் கடன் வாங்கிக்கொண்டு ஆங்கிலக் கடற்படைவீரர் பிரிவில் சேர்ந்தாள். அட்மிரல் போஸ்காவனின் கப்பற்படையோடு சோழமண்டலக் கடற்கரைக்கு வந்து, 1748இல் புதுச்சேரி முற்றுகையிலும் 1749இல் தேவிக்கோட்டைப் போரிலும் பங்கு கொண்டாள். காயமுற்றுக் கடலூர் மருத்துவமனையில் கிடந்தாள். 1750இல் இலண்டன் திரும்பி உண்மையை வெளியிட்டாள். அவ்வாண்டே ராபர்ட் வாக்கர் என்னும் பதிப்பாளர் அவள் வரலாற்றைப் 'பெண் சிப்பாய்' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். படைப்பணிக்கான ஓய்வூதியமும் அவளுக்குக் கிடைத்தது. அந்நூலின் செய்திகள் அனைத்தையும் அப்படியே கொள்வதற்கில்லை. விற்பனை நோக்கில் மிகைப்படுத்தப்பட்டவை பல. எனினும் அவளது படைப்பணியும் மருத்துவமனை வாசமும் ஐயத்திற்கு இடமில்லாதவை.

அதே முற்றுகையை மதிலின் உட்புறமிருந்து ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் பதிவு செய்கிறது. எதிர்ப்படையின் கடைநிலைச் சிப்பாய் ஒருத்தி அதில் இடம்பெற வாய்ப்பில்லை. பலர்பால் வினையில் அவள் முற்றும் மறைந்துபோகிறாள். 'சிப்பாய்கள் வந்தார்கள்' என்னும் வாக்கியத்தைவிடச் சிறந்த மாற்றுடை தமிழில் வேறில்லை.

ஸ்னெல்லின் நூலாசிரியர் தலைப்பிலேயே மறைபொருளை உடைத்துவிடுகிறார். நூல் முழுவதும் அவளைப் பெண்பாற் பெயராலேயே சுட்டுகிறார். ஏனைய மாந்தர் ஆணென்றே கருதுகின்றனர். இந்த இரட்டை அறிவிலிருந்தே நூலின் சுவை பிறக்கிறது. தலைப்பைத் தமிழாக்குவோர் 'வீராங்கனை' என்னும் சொல்லை நாடக்கூடும். அது பொருந்தாது. பெண் ஒருத்தி போரிடுவதை இயல்பாக்கும் சொல் அது, முரண் கரைந்துவிடும். 'சிப்பாய்' பால் காட்டாத சொல்; வழக்கில் ஆணையே நினைவூட்டுவது. அதன்முன் 'பெண்' என்னும் அடை வந்து நிற்கும்போதுதான் மூலத்தின் வியப்பு தமிழில் கிட்டுகிறது.

இன்னொரு சிக்கல் பட்டப்பெயர் பற்றியது. தாடி முளைக்காத அச்சிப்பாயை உடன் பணிபுரிந்தோர் 'மாலி' என்னும் பெண்பெயரால் கேலி செய்தனர் என நூல் கூறுகிறது. அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் மட்டும் பயனில்லை. அது பெண்பெயர் என்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாது. முன்னிலை வினை பால் காட்டாவிடினும், விளியோடு வரும் 'டா', 'டி' என்னும் ஒட்டுகள் தமிழில் பால் காட்டுவன. ஆண் ஒருவனை 'என்னடி' என்று அழைப்பது தமிழ் நாட்டார் நன்கறிந்த ஏளனம். பெயர்ப்பாளர் பெயரை விடுத்து அவ்வொட்டைக் கையாளின், கேலியும் கிட்டும். கேலி செய்தோர் அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டனர் என்னும் நகைமுரணும் கிட்டும்.

நாடகத்தில் இச்சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கிய ஷேக்ஸ்பியர் நாடகங்களுள் 'வாணிபுர வணிகன்', 'விரும்பிய விதமே', 'சிம்ஹளநாதன்' ஆகிய மூன்றின் மூலங்களிலும் ஆணுடை பூண்ட பெண் வருகிறாள். அங்கு எடுத்துரைப்பவர் இல்லை; அறிந்தவர் அறிந்தவாறும் அறியாதவர் அறியாதவாறும் பேசிச் செல்கின்றனர். எடுத்துரைக்கும் செய்யுளில் அத்தகைய வசதி இல்லை. 1891இல் வெளிவந்த 'மனோன்மணீய'த்தினுள் அமைந்த 'சிவகாமி சரிதை' கோல்ட்ஸ்மித்தின் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. மூலம், வழிதவறி வந்த பயணி துறவியை நோக்கிக் கூறும் விளியோடு தொடங்குகிறது. பேசுவோர் பேச்சில் தொடங்கும் இவ்வமைப்பு, தமிழின் பால் காட்டாத தன்மை முன்னிலைகளுக்கு இயல்பாகவே உகந்தது என்பது கருதத்தக்கது.

எடுத்துரைப்பவருக்குத் தமிழில் மறைவிடங்கள் இல்லாமல் இல்லை. எச்சங்கள் பால் காட்டா. 'வரவில்லை' என்னும் எதிர்மறையும், 'வேண்டும்', 'முடியும்' முதலிய துணைவினைகளும் காட்டா. ஒருவர் முயன்றால் பக்கக்கணக்கில் பால் காட்டாமல் எழுதலாம். ஆயின் அந்நடை விரைவில் முடம்படும். வாசகர் எதையோ மோப்பம் பிடிப்பர். ஒளிக்க வேண்டியதை ஒளித்த முறையே காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி 'ஆர்' ஈறு. இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. மக்களுள் ஒருவர் எனத் தெரிந்து, ஆணோ பெண்ணோ என ஐயம் நிகழுமிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. தொலைவில் தோன்றும் உருவத்தை ஒருவனோ ஒருத்தியோ என ஐயுறுவதையே உரையாசிரியர்களும் எடுத்துக்காட்டுவர். ஆனால் விதியின் எல்லை கவனிக்கத்தக்கது. அது ஐயுறுவோனுக்கு உரியது. ஸ்னெல்லின் நூலாசிரியருக்கு ஐயமில்லை. அவள் தோழருக்கும் ஐயமில்லை. ஒருவர் பெண்ணென்று அறிவார். மற்றவர் ஆணென்று துணிவர். ஐயமே இல்லாத இடத்தில் ஐயக் கிளவியை நுழைப்பது நடுநிலை ஆகாது. அறிவையும் திரிபுணர்ச்சியையும் ஒருசேர அழித்தலாகும். மேலும் இக்கால 'ஆர்' ஈறு மதிப்புப் பொருளது. தளபதியின் வாயில் கடைநிலைச் சிப்பாய் 'வந்தார்' ஆவதில்லை.

தொல்காப்பியத்திலேயே இதனினும் பொருத்தமான இடம் பெயரியலில் உள்ளது. 'பெண்மகன்' என்னும் சொல் பற்றிய விதி அது. வெளியே சென்று விளையாடும் பேதைப் பருவத்துப் பெண்ணை மாறோக்க நாட்டார் தம் காலத்தும் அவ்வாறு வழங்குவதாகச் சேனாவரையர் குறிக்கிறார். பெயர் ஆண்பாலாயினும் வினை பெண்பாலையே ஏற்கும் என்பது விதி. பெயர் ஊரார் இட்டது. வினை கூறுவோன் அறிந்தது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் முரணி நிற்க இலக்கணம் இடமளிக்கிறது. அந்த ஏற்பாடு சிறுமியைப் பற்றியதேயன்றி மாற்றுருவினரைப் பற்றியதன்று. எனினும் 'ஜேம்ஸ் கிரே துப்பாக்கியைத் தூக்கினாள்' என்று எழுதத் துணியும் பெயர்ப்பாளருக்கு இது முன்னோடி.

மாறோக்கம் என்பது கொற்கையைச் சூழ்ந்த நாடு. இன்றைய தூத்துக்குடி மாவட்டம். அம்மாவட்டத்துப் பெண் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆணாக வாழ்ந்த செய்தி 2022இல் வெளிவந்தது. திருமணமான பதினைந்து நாட்களில் கணவரை இழந்து, பின் பிறந்த மகளைத் தனியே வளர்க்க வேலைக்குச் சென்ற இடங்களில் தொல்லைக்கு ஆளாகி, திருச்செந்தூர்க் கோயிலில் முடி களைந்து, சட்டையும் லுங்கியும் அணிந்து, 'முத்து' எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். உணவகங்களில் பணியாற்றி 'முத்து மாஸ்டர்' என அறியப்பட்டார்.

இவ்வழக்குச் சொற்கள் ஆராயத்தக்கவை. 'முத்து' தமிழில் இருபாற்கும் உரிய பெயர். 'மாஸ்டர்' என்பது ஆங்கிலத்தில் ஆண்பாற் சாயல் உடையதாயினும், தமிழ் உணவகத்தில் தொழிலை மட்டுமே சுட்டும். 'காரன்', 'காரி' போன்ற பால்காட்டும் ஈறு அதற்கு வேண்டுவதில்லை. திட்டமிட்டோ தற்செயலாகவோ, முகவரியின் இரு சொற்களும் பொய்யற்றவையாக அமைந்தன. பொய் முழுவதும் பிறர் வாயில் இருந்தது: அப்பகுதியில் ஆடவரை அழைக்கும் 'அண்ணாச்சி' என்னும் விளியிலும், 'முத்து வந்தான்' என்னும் வினையிலும்.

தமிழ் நாளிதழ்கள் வயது வந்தோரை 'ஆர்' ஈற்றால் சுட்டுவது மரபு. மேலே இக்கட்டுரைப் பத்தியும் அம்மரபையே பின்பற்றியது. அது நாகரிகம், ஆயின் அந்நாகரிகத்தில் இவ்வாழ்வின் உட்கூறு நழுவிவிடுவதையும் காணலாம். முப்பது ஆண்டுகள் 'ஆன்' என்று கேட்ட செவிக்கும், வீட்டில் 'அம்மா' என்று கேட்ட செவிக்கும் இடையிலான தொலைவு 'ஆர்' என்பதில் இல்லை. ஆவணங்கள் ஆண்பெயரில் இருக்கக் கைம்பெண்ணுக்கான அரசு உதவியை அவர் வேண்டியதும், அதே வேளையில் இறுதிவரை முத்துவாகவே இருக்க விரும்புவதாகக் கூறியதும் செய்திகளில் இடம்பெற்றன. ஒரே வாயிலிருந்து வந்த இவ்விரு வேண்டுகோள்களையும் ஒற்றை ஈற்றில் அடக்குதல் அரிது.

தன் கூற்று எஞ்சாத நிலையும் உண்டு. அமெரிக்கக் குடியேற்ற எல்லையில் குதிரைவண்டி ஓட்டிய சார்லி பார்க்கர்ஸ்ட் 1879இல் கலிபோர்னியாவில் இறந்த பின்னரே உடலாற் பெண் என்பது அறியப்பட்டது. 1860களின் சாண்டா குரூஸ் வாக்காளர் பதிவேட்டில் அப்பெயர் உள்ளது. அந்நாளில் அங்குப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. பார்க்கர்ஸ்ட் தம்மைப் பற்றி எதுவும் கூறிச் செல்லவில்லை. வாழ்வுத் தேவைக்காக ஆணுடை பூண்ட பெண்ணா, இன்று திருநம்பி எனப்படும் நிலையினரா என்று துணிய வழியில்லை. ஐயக் கிளவிக்கு உண்மையில் இடமுள்ளது இங்குத்தான். 'வண்டிக்காரன்' என்பதை விடுத்து 'வண்டியோட்டி' என்றும், 'ஓட்டினான்' என்பதை விடுத்து 'ஓட்டினார்' என்றும் எழுதுதல் இங்கு நேர்மை. ஸ்னெல்லுக்கு அதே வடிவம் சோம்பல்.

அண்டை மொழிகளை ஒப்பிட்டால் தமிழின் நிலை மேலும் தெளிவாகும். மலையாள வினை பால் காட்டும் ஈற்றை இழந்துவிட்டது. 'வந்நு' என்பது எவருக்கும் பொருந்தும். கன்னடம் 'பந்தனு', 'பந்தளு', 'பந்தரு' எனத் தமிழைப் போன்றே முப்பிரிவு காட்டும். தெலுங்கிலோ பெண்பால் ஒருமை அஃறிணையோடு இணைகிறது: ஆண் 'வச்சாடு', பெண் 'வச்சிந்தி'. தெலுங்குப் பெயர்ப்பில் ஸ்னெல் தன்னை வெளிப்படுத்தும் கணத்தில் வினை ஆண்பாலிலிருந்து அஃறிணை வடிவத்திற்கு மாறும். இவ்வேறுபாடு பெயர்ப்பாளருக்குரிய நுணுக்கம் மட்டுமன்று.

ஓசூர்ச் சாலையில், தமிழக எல்லைக்கு அண்மையில், கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் 332 ஏக்கரில் உருவாக்கிய எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்நான்கு மொழியினரும் அருகருகே பணியாற்றுகின்றனர். அங்குள்ளவை போன்ற மென்பொருள் நிறுவனங்கள் ஒரே ஆங்கில வாக்கியத்தை இம்மொழிகள் அனைத்திலும் திரையில் காட்ட வேண்டியுள்ளது. பயனர் ஆணா பெண்ணா எனக் கணினி அறியாது. ஆகவே தமிழ்த் திரையில் எவரும் 'விரும்பினார்', 'பகிர்ந்தார்' ஆகின்றனர். தொல்காப்பியர் கூறிய ஐயம் இங்கு முற்றும் பொருந்துகிறது. இயந்திரத்திற்கு உண்மையிலேயே தெரியாது. பால் காட்டாத மூலத்தைப் பெயர்க்கும்போது அதே இயந்திரம் தன் பயிற்சித் தரவில் மிகுதியாகக் கண்ட பாலை ஏற்றிவிடுவதும் உண்டு: சிப்பாய் ஆணாகிறார், செவிலி பெண்ணாகிறார். ஸ்னெல்லைச் சுற்றியிருந்தோரும் உடையைக் கண்டு அவ்வாறே ஊகித்தனர். ஆனால் அறிந்து எழுதும் மனிதப் பெயர்ப்பாளர் இயந்திரத்தின் ஈற்றைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஸ்னெல் நூலின் தமிழாக்கத்தில் ஒவ்வொரு வினைமுற்றையும் அதைக் கூறுவோரின் அறிவுக்கு உரியதாக்குவதே தகும். ஆசிரியர் கூற்றில் 'ஆள்'. தோழர் கூற்றில் 'ஆன்'. 'என்று' என்னும் இடைச்சொல் இரண்டுக்கும் நடுவே வரம்பாக நிற்கும். 'கிரே கோழையல்லன் என்று அவர்கள் கூறியதை அவள் கேட்டாள்' என்னும் வாக்கியத்தில் இரு பாலும் மோதலின்றி அமைகின்றன. நேர்கூற்றைத் தாராளமாக ஏற்கும் தமிழ்த் தொடரமைப்பு இதற்குப் பெருந்துணை.

இம்முறைக்குக் கடினமான சோதனை கடலூர் மருத்துவமனைப் பகுதி. கால்களில் பட்ட காயங்களைப் படை மருத்துவர்களிடம் காட்டிய ஸ்னெல், தொடை மேற்பகுதியில் பாய்ந்த குண்டை மட்டும் மறைத்து, தானே அகற்றினாள் என்றும், அங்குப் பணிவிடை செய்த கருநிறப் பெண் ஒருத்தியிடம் மட்டும் உண்மையைக் கூறி மருந்தும் பஞ்சும் பெற்றாள் என்றும் நூல் கூறுகிறது. பெயர் குறிக்கப்படாத அப்பெண் அவ்வூர்த் தமிழ்ப்பெண்ணாக இருந்திருத்தல் கூடும். ஆங்கில நூலில் அவளுக்கு ஒரு வரிப் பேச்சும் இல்லை. மருந்து கேட்கச் சென்ற இடத்தில் யாருக்கென்று வினவப்பட்டால் அவள் என்ன கூறியிருப்பாள் என்பதை ஆங்கில ஆசிரியர் எண்ண வேண்டியதில்லை. தமிழ்ப் பெயர்ப்பாளர் எண்ண வேண்டும். அறியாதவர் 'ஆன்' என்பது பிழை; அறிந்த அவள் 'ஆன்' என்பது காவல். இரண்டுக்கும் ஈறு ஒன்றே.